நூலகத்தில் மதிய இடைவேளை நிகழ்ச்சி: வந்தவர்கள் பாதியில் எழுந்து போவது ஏன்?

கேள்வி: எங்கள் ஊர் முழுநேரக் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் சார்பில் மதிய இடைவேளையில் இலவச இசை நிகழ்ச்சி நடத்தினோம். 60 நாற்காலி போட்டோம். வந்தது 14 பேர். அதிலும் பாதிப் பேர் நடுவில் போய்விட்டார்கள். படிக்க வந்த மாணவர்கள் சத்தம் என்று நூலகரிடம் புகார் செய்தார்கள். மாதம் ஒருமுறை தொடர்ந்து நடத்த ஆசை. எதை மாற்ற வேண்டும்?

பதில்: நீங்கள் அனுப்பிய நிகழ்ச்சி நிரலிலேயே பாதிக் காரணம் இருக்கிறது. 1 மணிக்குத் தொடக்கம். வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை எல்லாம் முடிந்து பாட்டு ஆரம்பித்தபோது மணி 1.25. அலுவலகத்திலிருந்து வருபவருக்கு மொத்தமே முக்கால் மணி நேரம்தான். அதில் சாப்பாட்டுக்குக் கால் மணி, நடந்து வந்து திரும்பப் பத்து நிமிடம். மிஞ்சும் இருபது நிமிடத்தை உரைகள் தின்றுவிட்டால் அவர் எழுந்து போகத்தான் செய்வார். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு 55 விநாடி, அறிமுகத்துக்கு இரண்டு நிமிடம், அவ்வளவு போதும். பொன்னாடையும் நன்றியுரையும் கடைசியில், நேரம் இருப்பவர்களுக்கு மட்டும்.

நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ள அலுவலகம், வங்கி, நீதிமன்றம், கடைத்தெரு ஆகியவற்றில் இடைவேளை எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரம் இருக்காது. அதிகம் பேருக்கு ஒத்துவரும் நேரம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து ஆரம்பித்து, 35 நிமிடத்தில் முடியுங்கள். கிழமையையும் நேரத்தையும் ஒருபோதும் மாற்றாதீர்கள். சிகாகோவின் பழைய பொது நூலகக் கட்டடத்தில் 1977 முதல் பல ஆண்டுகள் இலவச இசை நிகழ்ச்சி நடந்தது. புதன்கிழமை 12.15 மணி, 45 நிமிடம். யார் வாசிக்கிறார்கள் என்று பார்க்காமலே அந்த நேரத்துக்கு வரும் கூட்டம் இப்படித்தான் உருவாகும். பெரிய வித்வானை ஒருமுறை அழைப்பதைவிட, ‘மாதத்தின் முதல் புதன்’ என்று ஊருக்கு மனப்பாடம் ஆவது மேல்.

முதல் ரசிகர்கள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து, மதியம் வராந்தாவிலோ சைக்கிள் நிறுத்தும் இடத்திலோ டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். நிகழ்ச்சியை அங்கேயே கொண்டுபோங்கள். வாசிப்பு அறைக்குள் சாப்பாடு கூடவே கூடாது. சிந்திய பருக்கைக்கு எறும்பும் எலியும் வரும், எலி வந்தால் புத்தகங்களின் பைண்டிங் போய்விடும். வராந்தாவில் பெஞ்சு, கை கழுவ இடம், குடிநீர், மூடி போட்ட குப்பைத்தொட்டி இருந்தால் போதும். சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். நாற்காலி 25 மட்டும் போடுங்கள், கூட்டம் வந்தால் கூட்டிக்கொள்ளலாம். காலி நாற்காலிகளைப் பார்த்தால் உள்ளே வருபவரும் தயங்கி வாசலிலேயே நின்றுவிடுவார்.

சத்தப் புகாருக்கு வருவோம். 40 பேர் உட்காரும் இடத்தில் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் மைக் தேவையில்லை. வீணைக்குத் தேவைப்படும். தவில், நாதஸ்வரம், பறை இவற்றுக்குக் கட்டடத்துக்குள் இடமே இல்லை. வளாகத்தில் மரத்தடி இருந்தால் அங்கே, அதுவும் நூலகரிடம் கேட்டு. ஒலிபெருக்கி ஒன்று போதும். உட்கார்ந்திருப்பவர்களின் காதுக்குச் சற்று மேலே, வாசிப்பு அறைக்கு முதுகு காட்டி வையுங்கள். மைக் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் வந்தால் கீச்சென்று கத்தும். மின்விசிறிக் காற்று நேராக மைக்கில் பட்டால் இரைச்சல் வரும், அதனால் கலைஞருக்கு நேர் மேலே உள்ள விசிறியை நிறுத்திவிடுங்கள். பிறகு ஒருவரை வாசிப்பு அறையின் மிக அருகிலுள்ள மேஜையில் உட்கார வைத்துச் சோதியுங்கள். பாட்டு லேசாகக் கேட்டால் பரவாயில்லை. பேசும் சொற்கள் தெளிவாகப் புரிந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம்; படிப்பவரின் கவனத்தைக் கலைப்பது பெரும்பாலும் புரிகிற பேச்சுதான்.

நிகழ்ச்சியின் அமைப்பு சபாக் கச்சேரி மாதிரி இருக்கக் கூடாது. 20 நிமிட ராக ஆலாபனை, மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்களின் தனி ஆவர்த்தனம் என்று போனால் நடுவில் வருபவருக்கு நுழைய இடமே இருக்காது. ஐந்து, ஆறு நிமிட உருப்படிகள் ஐந்து போதும். ஒவ்வொன்றும் முடிந்ததும் அரை நிமிடம் இடைவெளி விடச் சொல்லுங்கள். போகிறவர் போவார், வருகிறவர் உட்காருவார். சுருதி சேர்ப்பது, மைக் பார்ப்பது எல்லாம் முதல் ஆள் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கதை வாசிப்பு என்றால் சொற்களை எண்ணிவிடுங்கள். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 90 முதல் 100 சொற்கள்தான் போகும். 2,000 சொல் கதைக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். கலைஞர் கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் வாசிக்க அப்படி ஒரு கதையை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

உரிமைச் சிக்கலையும் பார்க்க வேண்டும். ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. தியாகராஜர், பாரதி பாடல்களுக்கு அது எப்போதோ தீர்ந்துவிட்டது. நாட்டுடைமை ஆக்கப்பட்ட, அதாவது அரசு உரிமையைப் பெற்று எல்லோருக்கும் பொதுவாக்கிய எழுத்துகளையும் தாராளமாக வாசிக்கலாம். புதுமைப்பித்தன் எழுத்துகள் 2002இல் நாட்டுடைமை ஆயின. சினிமா பாட்டு வேண்டாம் என்பது எங்கள் யோசனை. பொழுதுபோக்காகப் பாடும் குழு, கட்டணமில்லாத அவையில் பாடுவதற்கு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் பணம் கொடுத்துத் தொழில்முறைக் கலைஞரை அழைத்தால் அதை நம்பக் கூடாது. வீடியோவை இணையத்தில் ஏற்றுவதற்கும் அது செல்லாது.

இலவசம் என்பது ரசிகருக்குத்தான். கலைஞருக்குப் பயணச் செலவும் சன்மானமும் வாசகர் வட்டம் கொடுத்தே ஆக வேண்டும். தொகை சிறியதானாலும் முன்கூட்டியே சொல்லி, அன்றே கையில் கொடுங்கள். ‘மேடை கிடைக்கிறதே’ என்று சொல்லி அழைப்பது நியாயமில்லை.

அனுமதியை வாய்மொழியாக வாங்காதீர்கள். நூலகர் வழியாக மாவட்ட நூலக அலுவலருக்குக் கடிதம் எழுதுங்கள். நாள், நேரம், இடம், எதிர்பார்க்கும் கூட்டம், ஒலிபெருக்கி உண்டா இல்லையா, சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து ஒரே கடிதமாகக் கேட்டால் ஒவ்வொரு மாதமும் அலைய வேண்டாம்.

கடைசியாக, வெளியே போகும் வழியில் ஒரு மேஜை போட்டு, அன்றைய நிகழ்ச்சியோடு தொடர்புள்ள 15 புத்தகங்களை அட்டை தெரிய வையுங்கள். பக்கத்திலேயே உறுப்பினர் விண்ணப்பப் படிவமும் பேனாவும் இருக்கட்டும். புத்தகம் வழங்குபவர் அன்று மட்டும் தன் சாப்பாட்டை நிகழ்ச்சிக்கு முன்பே முடித்துக்கொள்ள முடியுமா என்று நூலகரிடம் பேசுங்கள். நிகழ்ச்சி முடிந்து வருபவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரும்போது கவுண்டரில் ஆள் இருக்க வேண்டும்.