ஆன்லைனில் எம்.டிவ்.: பணம் கட்டும் முன் யாரிடம் கேட்பது?

கேள்வி: பி.காம். முடித்துக் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 41. எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் ஓய்வுநாள் பள்ளி, வாலிபர் கூட்டம் என்று பல வருடமாக ஊழியம் செய்கிறேன். முறையாக இறையியல் படிக்க ஆசை, ஆனால் வேலையை விட முடியாது. வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்தது. ஒரே வருடத்தில் ஆன்லைனில் எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி என்னும் இறையியல் முதுநிலைப் பட்டம்), கட்டணம் 45,000 ரூபாய், ‘சர்வதேச அங்கீகாரம்’, மேலும் 20,000 கட்டினால் கௌரவ டாக்டர் பட்டமும் உண்டாம். நோட்டீஸை இணைத்திருக்கிறேன். சேரலாமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சேராதீர்கள். ஆன்லைன் என்பதால் சொல்லவில்லை. ஆன்லைனில் நன்றாகவே இறையியல் கற்றுத்தரும் கல்லூரிகள் உண்டு. உங்கள் நோட்டீஸில் இருக்கும் கோளாறு வேறு.

எம்.டிவ். என்பது ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர் முழுநேரமாகப் படித்தாலே வழக்கமாக மூன்று வருடம் பிடிக்கிற படிப்பு. வேதாகமப் பாடங்கள், கிரேக்கம் அல்லது எபிரெயம், சபை வரலாறு, பிரசங்கப் பயிற்சி, சபையில் களப்பணி என்று எல்லாம் அதில் அடங்கும். வேலைக்குப் போய்க்கொண்டே ஒரே வருடத்தில் இதை முடிக்க வழியே இல்லை. டாக்டர் பட்டத்துக்கு விலை போட்டிருப்பதைப் பார்த்ததுமே நோட்டீஸைக் கீழே வைத்திருக்க வேண்டும். கௌரவப் பட்டம் என்பது கொடுப்பவர் தேடி வந்து கொடுப்பது, ரசீது போட்டு வாங்குவதல்ல.

‘சர்வதேச அங்கீகாரம்’ என்று நோட்டீஸில் மூன்று இடத்தில் இருக்கிறது. அங்கீகரித்தது யார் என்று ஓரிடத்திலும் இல்லை. அடியில் பொடி எழுத்தில் ‘அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் பதிவு பெற்றது’ என்று ஒரு வரி. அந்த வரி உண்மையாகவே இருக்கலாம், சிக்கலே அங்கேதான். ஃப்ளோரிடா உட்படச் சில அமெரிக்க மாநிலங்கள், மதப் படிப்பு மட்டும் நடத்தும் நிறுவனங்களுக்குக் கல்வி உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு தருகின்றன. மதத்தில் அரசு தலையிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பாடத்தையோ ஆசிரியரையோ யாரும் சோதித்துப் பார்த்தார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. பதிவு வேறு, தர அங்கீகாரம் வேறு. நம் ஊர்களில் விலைபோகும் பல ‘அமெரிக்கப் பட்டங்கள்’ இந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன.

இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதை 1956ஆம் ஆண்டின் யூ.ஜி.சி. சட்டம், பிரிவு 22, தெளிவாகச் சொல்கிறது. மத்திய, மாநில அல்லது பழைய மாகாணச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் தந்த நிறுவனம், அவ்வளவுதான். யூ.ஜி.சி. 2024இல் வெளியிட்ட போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் ஆந்திராவிலிருந்து இரண்டு பெயர்கள்: குண்டூர் கிறைஸ்ட் நியூ டெஸ்டமென்ட் டீம்டு யுனிவர்சிட்டி, விசாகப்பட்டினம் பைபிள் ஓப்பன் யுனிவர்சிட்டி ஆஃப் இந்தியா. வேதத்தின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டால் விசுவாசிகள் கேள்வி கேட்க மாட்டார்கள் என்ற கணக்கு இது. எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. ஏமாறுகிறவர்களில் பலர் சொற்பச் சம்பளத்தில் ஊழியம் செய்கிறவர்கள்.

சரி, நல்ல வழி எது? நம் நாட்டில் இரண்டு பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, மேற்கு வங்கத்தில் இருக்கும் செராம்பூர். கேரி, மார்ஷ்மன், வார்ட் என்னும் மிஷனரிகள் 1818இல் தொடங்கிய கல்லூரி. அந்த ஊர் அப்போது டென்மார்க் வசம் இருந்ததால், 1827இல் டென்மார்க் அரசரின் சாசனம் கிடைத்தது. பிறகு 1918இல் வங்காள மாகாணச் சட்டம் அதன் பட்டம் தரும் உரிமையை உறுதி செய்தது. மேலே சொன்ன ‘மாகாணச் சட்டம்’ இங்கே பொருந்துவதைக் கவனியுங்கள். செராம்பூர் செனட் (அதன் பட்டம் வழங்கும் குழு) தரும் பி.டி.யைத்தான் (பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி) சி.எஸ்.ஐ. திருமண்டலங்கள் (பேராயரின் கீழ் வரும் சபை வட்டாரங்கள்) குருப்பட்டத்துக்கு, அதாவது போதகராக அபிஷேகம் பெறுவதற்கு, பெரிதும் எதிர்பார்க்கின்றன. மதுரை அரசரடியில் இருக்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, சென்னை குருகுல் போன்றவை அதன் இணைப்புக் கல்லூரிகள். அரசரடியில் தமிழிலேயே பி.டி. படிக்கலாம். ஆனால் பி.டி. தங்கிப் படிக்கும் படிப்பு. இரண்டாவது, ஆசிய இறையியல் சங்கம், அதாவது ஏ.டி.ஏ. அது தர அங்கீகாரம் தரும் கல்லூரிகளில்தான் எம்.டிவ். அதிகம். நேர்மையான அங்கீகாரம்தான், ஆனால் அரசு அங்கீகாரம் அல்ல. அந்தப் பட்டத்தை வைத்து அரசு வேலைக்கோ வங்கியில் பதவி உயர்வுக்கோ மனுப் போட எண்ண வேண்டாம்.

ஆகவே, கல்லூரிக்கு போன் போடும் முன் திருமண்டல அலுவலகத்துக்குப் போங்கள். உங்களுக்குக் குருப்பட்டம் வேண்டுமா, அறிவு வேண்டுமா என்பதை முதலில் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். குருப்பட்டம் என்றால் வயது வரம்பு உண்டா, எந்தப் பட்டம் செல்லும், ஆன்லைனில் எத்தனை பங்கு வரை ஏற்பார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். 41 வயதில் பி.டி.க்காக நான்கு வருடம் ஹாஸ்டல் என்பது குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். அறிவுதான் நோக்கம் என்றால், வேலையில் இருப்பவர்களுக்காகச் செராம்பூர் அஞ்சல் வழியில் நடத்தும் பி.சி.எஸ். (பேச்சிலர் ஆஃப் கிறிஸ்டியன் ஸ்டடீஸ்) படிப்பை முதலில் பாருங்கள். முதுநிலைப் பட்டம் இல்லைதான், ஆனால் பாடம் கனமானது.

ஆன்லைன் பாதி, வளாகம் பாதி என்று நடக்கும் எம்.டிவ்.தான் வேண்டுமென்றால், ‘வளாக வகுப்பு’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு எத்தனை நாள்? எந்த மாதம்? மார்ச் கடைசியில் வைத்தால் வங்கிக்காரரான உங்களுக்கு லீவு கிடைக்குமா? தங்குமிடமும் சாப்பாடும் கட்டணத்தில் சேர்த்தியா? ஒரு வகுப்பு தவறினால் அடுத்த வருடம்தான் திரும்ப வருமா? மொழிப் பாடம் எப்படி நடக்கிறது என்றும் கேளுங்கள். எபிரெய வசனத்தை மாணவர் உரக்க வாசிக்க, ஆசிரியர் அங்கேயே நிறுத்தித் திருத்தும் நேரலை வகுப்பும், பதிவு செய்த வீடியோவை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வதும் ஒன்றல்ல. ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல கல்லூரி மறுக்காது. வளாக நாட்களைச் செலவு என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மற்றவர்கள் முன் நின்று பிரசங்கம் செய்து, முகத்துக்கு நேரே குறை கேட்டுத் திருத்திக்கொள்வது அங்கேதான் சரியாக நடக்கும்.

கேள்வி: கணவரின் வேலை காரணமாக நியூ ஜெர்சியில் எச்-4 விசாவில் இருக்கிறேன். மருத்துவமனைச் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் போதகராக, விருப்பம். ஒரு செமினரியில் (இறையியல் கல்லூரியில்) முழு ஆன்லைன் எம்.டிவ்., ஆன்லைன் பாதி வளாகம் பாதியான ஹைபிரிட் எம்.டிவ். இரண்டும் உண்டு. எதில் சேர?
– வாசகி, எடிசன்

பதில்: எச்-4இல் படிக்கத் தடை இல்லை, முழுநேரமாகவும் படிக்கலாம், பகுதிநேரமாகவும் படிக்கலாம். எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாறினால்தான் கணக்கு மாறும். முழுநேரப் படிப்பு என்று காட்ட, ஒரு பருவத்தில் ஒரே ஓர் ஆன்லைன் பாடம் அல்லது 3 கிரெடிட்தான் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) கணக்கில் வரும். முழு ஆன்லைன் படிப்புக்கு எஃப்-1 கிடையாது. ஆகவே விசாவைத் தொடாமல் இருப்பதே உங்களுக்கு லாபம்.

முதலில் அந்த செமினரிக்கு ஏ.டி.எஸ். என்னும் இறையியல் கல்லூரிகள் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா என்று சங்கத்தின் தளத்திலேயே பாருங்கள். கல்லூரித் தளத்தில் இருக்கும் முத்திரையை நம்ப வேண்டாம். ஏ.டி.எஸ். விதியில் எம்.டிவ்.க்குக் குறைந்தது 72 கிரெடிட். சாப்ளின் சான்றிதழ் தரும் வாரியமும் 72 கிரெடிட் இறையியல் பட்டத்தையே கேட்கிறது. அதனால் 48 கிரெடிட்டில் முடியும் மலிவான எம்.ஏ.வுக்கு மயங்கினால் பின்னால் பாக்கியை வேறு கட்டணத்தில் படிக்க நேரும். கிரெடிட் 600 டாலர் என்று வைத்தால் 72க்கு 43,200 டாலர். ஹைபிரிட்டில் விமானமும் விடுதியும் இதற்கு மேல்.

பலர் கவனிக்காமல் விடுவது சி.பி.இ. என்னும் மருத்துவப் போதகப் பயிற்சி. ஒரு யூனிட்டுக்குக் குறைந்தது 400 மணி நேரம், சான்றிதழுக்கு நான்கு யூனிட் வேண்டும். நோயாளிகளோடு செலவிடும் நேரம் அதில் பெரும்பகுதி. எம்.டிவ். ஆன்லைன் என்பதால் அது குறையாது. உதவித்தொகை தரும் ரெசிடென்சியில், அதாவது மருத்துவமனையில் முழுநேரமாக நடக்கும் சி.பி.இ. பயிற்சியில், சேர வேலை அனுமதி தேவைப்படும், அது எச்-4 உள்ள எல்லோருக்கும் கிடையாது. உங்கள் சபையின் பரிந்துரையையும் வாரியம் எதிர்பார்க்கும். இவற்றைப் பார்த்தால் எனக்கு ஹைபிரிட் பக்கமே சாய்கிறது. பரிந்துரைக் கடிதம் எழுத உங்களை நேரில் அறிந்த ஆசிரியர்கள் வேண்டும்.

கேள்வி: ‘செராம்பூர் இணைப்பு’ என்று சொல்லி 60,000 வாங்கிய கல்லூரிக்கு அப்படி ஓர் இணைப்பே இல்லை என்று இப்போது தெரிகிறது. பணம் திரும்ப வருமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முயல வேண்டும். கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்தில் வருமா என்பது சர்ச்சைக்குரியது. மனு சோலங்கி வழக்கில் 2020இல் தேசிய நுகர்வோர் ஆணையம் வராது என்றது. ஆனால் இல்லாத இணைப்பைச் சொல்லிச் சேர்த்தது வேறு ரகம். புத்திஸ்ட் மிஷன் பல் மருத்துவக் கல்லூரி வழக்கில், பொய்யான இணைப்பை விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்ததற்காக இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் உறுதி செய்திருக்கிறது. அதைச் சுட்டுங்கள்.

நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். இணைப்பு இல்லை என்று செராம்பூர் செனட் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பலம் அதுதான். பிறகு பணத்தைத் திருப்பிக் கேட்டு, 15 நாள் கெடு வைத்துக் கல்லூரிக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் பதியலாம். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம், நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதால் ரசீதில் இருக்கும் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள்.