திடலோரம்: வாசகர் கேள்வி – பதில்

கே: எட்டுக் குழுக்கள் மோதும் லீக்கில் எங்கள் கல்லூரிக் கால்பந்துக் குழு முதல் சுற்று முழுக்க முன்னணியில் நிற்கிறது. இரண்டாம் சுற்றில் வழக்கம்போல் சரிந்துவிடுகிறது. பயிற்சியைக் கூட்டலாமா?
– கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்

ப: கூட்டாதீர்கள், ஆளுக்கேற்பப் பிரித்துக் கொடுங்கள். 14 ஆட்டங்களுக்கும் அதே 11 பேரை இறக்கினால் பின்தொடைத் தசை ஒருநாள் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் வேகமெடுத்து ஓடும்போதுதான் பிடிக்கும். ஆட்டத்துக்கு மறுநாள், 60 நிமிடத்துக்கு மேல் ஆடியவர்களுக்கு மெது ஓட்டம் மட்டும் போதும். பெஞ்சில் இருந்தவர்களை அன்றுதான் கடுமையாக ஓடவிட வேண்டும். எல்லாருக்கும் சேர்த்து ஓய்வு கொடுத்துவிட்டு, பத்தாவது ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரருக்கு மூச்சு வாங்குகிறதே என்று திட்டிப் பயனில்லை.

தசைக்கு 'நோர்டிக்' பயிற்சி கொடுங்கள். முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்காலை இன்னொருவர் அழுத்திப் பிடிக்க, முழங்காலிட்டவர் இடுப்பை மடக்காமல் முடிந்த மட்டும் மெதுவாக முன்னே சாய்ந்து, கடைசியில் கையை ஊன்ற வேண்டும். முதல் வாரம் ஒரே நாள், ஐந்தைந்தாக இரண்டு தடவை. மூன்றாம் வாரத்தில் வாரம் மூன்று நாள், ஆறிலிருந்து எட்டு வரை மூன்று தடவை. லீக் தொடங்குவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுங்கள். முதல் சில நாள் தொடை நன்றாக வலிக்கும், ஆகவே ஆட்டத்துக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம். தேர்வு வாரங்களையும் இப்போதே அட்டவணையில் குறித்துக்கொள்ளுங்கள். தூங்காத கால் ஓடாது.

கே: மாலை 5 மணி ஆட்டத்துக்கு என்ன சாப்பிடலாம்?
– தோட்டத்துக் குழுவின் மேலாளர்

ப: ஒரு மணிக்குள் சோறு, எண்ணெய் குறைந்த கோழிக்கறி. நாசி லெமாக் ஆட்டம் முடிந்த பிறகு! தேங்காய்ப்பாலின் கொழுப்பு செரிக்க நேரமாகும். மூன்றரை மணிக்கு ஒரு வாழைப்பழம். 60 கிலோ எடையுள்ளவர் நான்கு மணி நேரம் முன்னதாகவே 300 முதல் 420 மில்லி தண்ணீர் குடித்திருக்க வேண்டும். ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அவர் குடித்த தண்ணீர் போதவில்லை.

கே: இடி இடித்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பது?

ப: கடைசி இடியிலிருந்து 30 நிமிடம். இடையில் மறுபடி இடித்தால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். ரப்பர் மரத்தடியில் ஒதுங்காதீர்கள். கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ போங்கள்.

கே: இறுதியாட்டத்தில் தோற்றும் கிண்ணம் வாங்க முடியுமா?

ப: இரண்டு கட்டமாக நடக்கும் இறுதியாட்டம் என்றால் முடியும். தென்கிழக்காசிய நாடுகள் மோதிய 2010 சுசுகி கிண்ணத்தில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசியா, கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் திடலில் இந்தோனேசியாவை 3–0 என வென்றது. ஜகார்த்தாவில் 1–2 எனத் தோற்றாலும் மொத்தக் கோல் 4–2 ஆனதால் கிண்ணம் நமக்கே வந்தது. லீக்கில் புள்ளி சமமானால் கோல் வித்தியாசமா, நேருக்கு நேர் ஆடிய முடிவா, எதை முதலில் பார்ப்பார்கள் என்பது போட்டிக்குப் போட்டி மாறும். விதிப்புத்தகத்தை முதல் ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். கோல் வித்தியாசம்தான் என்றால், 3–0 முன்னிலையிலும் நான்காவது கோலுக்கு ஓடத்தான் வேண்டும்.