கேட்காமல் இருந்த அறைத்தோழிகள்

கேள்வி: 1950-களில் வாஷிங்டன் நகரத்துப் பெண்கள் விடுதி வீடுகளில், ஆண்டுக்கணக்கில் ஒன்றாக உண்டு உறங்கியவர்கள்கூட ஒருவர் வேலையை ஒருவர் அறியாமல் இருந்தார்களாமே, அதை நட்பு என்று சொல்லலாமா?
- வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: தாராளமாகச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு வேலைக்காக அந்த நகரில் வந்து குவிந்த இளம்பெண்கள், தங்க இடம் கிடைக்காத நெருக்கடியில், காலை உணவும் இரவு உணவும் சேர்த்து வாடகைக்கு விடப்பட்ட வீடுகளில் நெருக்கியடித்துக்கொண்டு தங்கினார்கள். அவர்களில் சிலர், 1942-இல் ராணுவம் எடுத்துக்கொண்ட ஆர்லிங்டன் ஹால் என்ற முன்னாள் பெண்கள் கல்லூரியில் சங்கேதச் செய்திகளை உடைத்துப் படித்தார்கள். யாராவது விசாரித்தால், எழுத்தர் வேலை, பென்சில் சீவும் வேலை என்று சொல்லி வைப்பார்கள். பள்ளி ஆசிரியையாக இருந்த ஜீன் கிராபீல் 1943 பிப்ரவரியில் அங்கே தொடங்கிய, சோவியத் தந்திகளைப் படிக்கும் 'வெனோனா' பணி 1980 வரை நீடித்தது. நாட்டு மக்களுக்கு அது தெரியவந்தது 1995-இல்தான்.

என்றாலும், அலுவலக ரகசியத்தைக் காப்பதில் ஒரு பெருமிதமாவது இருந்தது. தன்னைப் பற்றிய உண்மையை மறைத்து வாழ்ந்தவளுக்கு அதுவும் இல்லை. 1947-இல் அதிபர் ட்ரூமன் அரசு ஊழியர்களின் விசுவாசத்தைச் சோதிக்க ஆணையிட்டார். 1953-இல் அடுத்த அதிபர் ஐசனோவர் பிறப்பித்த ஆணை, தன்பாலினத்தவரைப் பணிநீக்கம் செய்யவும் வழிவகுத்தது. விசாரணை அதிகாரிகள் அக்கம்பக்கத்தாரிடமும் உடன் தங்கியவர்களிடமும் வந்து, அவள் யாரோடு பழகுகிறாள், என்ன படிக்கிறாள் என்று துருவினார்கள். அப்போது, "நல்ல பெண், வேறொன்றும் எனக்குத் தெரியாது" என்று நிறுத்திக்கொண்ட தோழி, அவளுடைய பிழைப்பையே காப்பாற்றியிருப்பாள். எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வதுதான் நட்பு என்று நாம் பழகிவிட்டோம். தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் கேட்காமல் விட்ட அந்தப் பெண்களின் நட்பை நான் அதைவிடக் குறைத்து மதிக்க மாட்டேன். அச்சத்தில் வாய்திறந்துவிட்டவர்களையும் என்னால் பழிக்க முடியவில்லை, ஏனெனில் அவர்களுடைய வேலையும் அதே நூலில்தான் தொங்கியது.

கேள்வி: அந்த வீடுகளில் கறுப்பினப் பெண்களுக்கும் இடம் இருந்ததா?
- வாசகர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: வெள்ளையர் தங்கிய வீடுகளின் கதவுகள் அவர்களுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தன. அரசு வேலைக்கு வந்த கறுப்பினப் பெண்களுக்காகப் போர்க்காலத்தில் தனியே கட்டப்பட்ட விடுதி ஒன்றுக்கு, ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியர் நலனுக்குப் பொறுப்பேற்ற முதல் பெண் டீனாக இருந்து 1937-இல் மறைந்த லூசி ஸ்லோவின் பெயரைச் சூட்டினார்கள். அந்த லூசி ஸ்லோ, மேரி பர்ரில் என்ற ஆசிரியையோடு பல ஆண்டுகள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்தவர்.