உபவாச ஜெபத்துக்குப் பிறகும் தம்பி போய்விட்டான்

அன்புள்ள அம்மா,

திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. எனக்கு வயது 34. அப்பா ஓய்வுபெற்ற உபதேசியார். நான் திருமணத்துக்கு முன்பிருந்தே ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். போன வருடம் தம்பி ரத்தப் புற்றுநோயில் இறந்தான். சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. அடக்கம் முடிந்த கையோடு சித்தி, "வீட்டில் யாருக்கோ விசுவாசம் குறைவு" என்றார். அந்த யாரோ நான்தான். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில், இந்த ஜெபமெல்லாம் யார் காதிலாவது விழுகிறதா என்று நினைத்தேன். இப்போது குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடினால் நடிப்பதுபோல் இருக்கிறது. குருவானவரிடம் ஜாடையாகக் கேட்டேன். சந்தேகப்படுகிறவன் கடலின் அலைக்கு ஒப்பாயிருக்கிறான் என்ற யாக்கோபு வசனத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார். கணவரிடம் சொல்லப் பயம். தூக்கமும் இல்லை. நான் விசுவாசியா, இல்லையா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரிக்கு,

கடவுள் கேட்கிறாரா என்பது சந்தேகம். என் சந்தேகம்தான் தம்பியைக் கொன்றது என்பது குற்ற உணர்வு. உங்களைத் தூங்கவிடாதது இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். முதலில் அதை இறக்கி வைப்போம்.

மாற்கு 9ஆம் அதிகாரத்தை நீங்களே பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்கள். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் மகன் சுகமானான். அப்போஸ்தலர் பவுலோ, 'மாம்சத்திலிருந்த முள்' என்று தானே சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. அவருக்கும் விசுவாசம் குறைவு என்பாரா உங்கள் சித்தி? "பின்னே தம்பி ஏன் போனான்?" என்று கேட்பீர்கள். என்னிடம் பதில் இல்லை. இருப்பதாகச் சொல்பவர்களிடமிருந்து கொஞ்ச நாள் தள்ளியே இருங்கள்.

அன்னை தெரசா பல பத்தாண்டுகள் கடவுளின் இருப்பை உணராமல் தவித்ததை, அவர் மறைவுக்குப் பின் 2007இல் நூலாக வெளிவந்த கடிதங்கள் காட்டின. 2016இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். (கத்தோலிக்கர்தானே என்று உங்கள் அப்பா ஒதுக்கிவிடலாம், நீங்கள் ஒதுக்க வேண்டாம்.) ஆகவே விசுவாசியா இல்லையா என்று இப்போதே தீர்ப்பு எழுத வேண்டிய அவசரம் எதுவுமில்லை.

ஞாயிறு பள்ளியிலிருந்து சில மாதங்கள் ஓய்வு கேளுங்கள். தம்பி போனதிலிருந்து மனம் சரியில்லை என்று சொன்னால் போதும், அது பொய்யில்லை. குடும்ப ஜெபத்தில் சொந்த வார்த்தை வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. அதை வாசிக்க நடிக்க வேண்டியதில்லை. கணவரிடம் சந்தேகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், சித்தி சொன்னதிலிருந்து ஆரம்பியுங்கள். சந்தேகம் என்றால் அவர் வசனம் தேடப் போய்விடுவார். வலிக்கிறது என்றால் உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

தூக்கமின்மையை மட்டும் ஜெபத்தோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம். செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப்பார்த்தாலும் அன்றைக்கே அழையுங்கள், கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.