'கெட்'டுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கு?

கேள்வி: கிளையண்ட் கால்ல 'கெட்' இல்லாத வரியே கிடையாது. 'இட்ஸ் கெட்டிங் லேட்'ங்கறாங்க, 'கெட் இட் சைன்டு'ங்கறாங்க, 'ஐ வில் கெட் பேக் டு யூ'ங்கறாங்க. டிக்ஷனரில பாத்தா முதல்ல 'பெறு'ன்னு இருக்கு, அப்புறம் பக்கம் பக்கமா போகுது. எப்படி சார் மனப்பாடம் பண்றது?

பதில்: பண்ணவே பண்ணாதீங்க. நம்ம 'போடு'வையே பாருங்க, சட்டை போடறோம், டீ போடறோம், சண்டை போடறோம், கோழி கூட முட்டை போடுது, இதையெல்லாம் லிஸ்ட் வெச்சா படிச்சோம், முன்னாடி நிக்கிற சொல்ல வெச்சே புரிஞ்சிடுது இல்லையா. கெட்டும் அதே கதைதான், ஆனா இங்க பின்னாடி வர்ற சொல்லைப் பாக்கணும்.

பொருள் வந்தா கிடைக்கிறது இல்ல வாங்கறது: 'காட் எ மெயில்' ('காட்'ங்கறது 'கெட்'டோட இறந்தகாலம்). இடம் வந்தா போய்ச் சேர்றது: 'காட் ஹோம்'. லேட், ஆங்ரி, டயர்டு மாதிரி வந்தா நம்ம 'ஆகு'வை வெச்சுக்கோங்க, நேரமாகுது, கோபமாயிட்டாரு, அவ்ளோதான்.

நம்மாளுங்க வழுக்கி விழற இடம் 'கெட் இட் சைன்டு'. கையெழுத்து நீங்க போட வேண்டாம், இன்னொருத்தர்கிட்ட வாங்கணும். இதே அமைப்புதான் 'ஐ காட் மை ஹேர் கட்', சலூன்ல போய் வெட்டிக்கிட்டேன்னு அர்த்தம். நாம 'ஐ கட் மை ஹேர்'னு சொல்லிடறோம், கேக்கறவன் நீங்களே கண்ணாடி முன்னாடி கத்தரியோட நின்னீங்களோன்னு நினைச்சுப்பான். (நானும் ரொம்ப வருஷம் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.) ஆளைச் சொன்னா நடுவுல 'டு' வேணும், 'கெட் ஹிம் டு சைன்', ஆனா 'மேக் ஹிம் சைன்'ல 'டு' வராது.

கிளையண்ட் அமெரிக்கான்னா 'ஹாவ்'க்கு அப்புறம் 'காட்'டுக்குப் பதிலா 'காட்டன்'னு (gotten) ஒண்ணு காதுல விழும், தப்பில்ல, இங்கிலாந்துல வழக்கொழிஞ்ச பழைய வடிவம் அங்க தங்கிடுச்சு. 'ஹாவ் காட் எ கார்'னா கார் இருக்கு, 'ஹாவ் காட்டன் எ கார்'னா வாங்கியிருக்கேன். நீங்க 'காட்'டோடயே நிறுத்திக்கலாம்.

அப்புறம் அந்த 'கெட் பேக் டு யூ'. திரும்பி வர்றேன்னு இல்ல, பாத்துட்டு அப்புறம் பதில் சொல்றேன்னு அர்த்தம், சில சமயம் நம்ம ஊர் 'பாக்கலாம்' மாதிரி நழுவறதும் உண்டு. அதனால உடனே 'பை வென்?'னு மரியாதையா ஒரு தேதி கேட்டு வாங்கிடுங்க.