கிட்டார் இரைகிறது என்று எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: ஸ்ட்ராட் மாடல் எலெக்ட்ரிக் கிட்டாரும் 20 வாட் ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) வாங்கினேன். வாசிக்காதபோதும் 'ம்ம்ம்' என்று இரைகிறது. வீட்டுக்கு வந்த எலெக்ட்ரீஷியன் பிளக்கின் எர்த் பின்னை எடுத்துவிட்டார்; சத்தம் குறைந்தது. கடைக்காரர் பிக்கப்பை (கம்பி அதிர்வைக் கரண்ட் சிக்னலாக்கும் பாகம்) எடுத்துவிட்டு, இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் வகையான ஹம்பக்கர் போடச் சொல்கிறார். மாற்றலாமா? (வாசகர், மதுரை)

பதில்: பிக்கப் இருக்கட்டும். முதலில் அந்த பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். எர்த் பின்னோடு புது பிளக் மாட்டும்வரை ஆம்பை ஆன் செய்ய வேண்டாம்.

கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் (கம்பிகள் உட்காரும் உலோகப் பாகம்) வழியாகவும் கேபிள் வழியாகவும் ஆம்பின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கின்றன. உள்ளே ஒரு வயர் நைந்து சட்டத்தில் பட்டால், எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போகும். எர்த் இல்லையென்றால் 230 வோல்ட் உங்கள் விரலுக்கு வரும். 1972ல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் மேடையிலேயே, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார். இது தெரிந்தும் பின்னை வெட்டுகிற எலெக்ட்ரீஷியனை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள். மூன்று பின்னை இரண்டாக்கும் அடாப்டரை 'ஹம் போக்கும்' என்று விற்பவர்களும் அதே ரகம்தான்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே பார்க்கலாம். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். சத்தம் போய்விட்டால் அது பிக்கப் வாங்கும் சத்தம். போகாவிட்டால் கேபிள், ஆம்ப், கரண்ட் பக்கம். பிக்கப்தான் என்றால் நின்ற இடத்திலேயே மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் நன்றாகக் குறையும். ஸ்ட்ராட்டில் இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய ஒற்றைக் கம்பிச் சுருள். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் உண்டாக்கும் காந்தப்புலத்தையும் அது பிடிக்கத்தான் செய்யும். அது பழுதில்லை. ஆம்பிலிருந்து ஆறடி தள்ளி உட்காருங்கள், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சிங்கிள் காயிலுக்கு அவுட்புட் குறைவு என்று ஆம்பின் கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் குமிழ்) திருகினால் இரைச்சலும் கூடவே ஏறும். கெயினைக் குறைத்து மாஸ்டர் வால்யூமை ஏற்றுங்கள். 'ர்ர்ர்' என்று கரகரத்தால் ஃபேன் ரெகுலேட்டர், டிம்மர், மலிவான எல்இடி லைட் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். கரண்ட் போனபோது சீரான அலை தராத ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரில் வாசித்துவிட்டு ஆம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

பின்னை எடுத்ததும் சத்தம் குறைந்தது என்றால் கோளாறு எர்த் பக்கம் இருக்கிறது. ஆம்போடு லேப்டாப்பும் இணைத்திருந்தால் அதன் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு எர்த் பாதைகள் சேர்ந்து வளையமாகியிருக்கலாம். அதுவும் இல்லையென்றால் வீட்டு எர்த்திங். மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மூன்றாவது ஓட்டையின் வயர் சரியாக மண்ணுக்குப் போயிருக்காது. வயரிங் முடிந்தது என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் இதை ஒருமுறை அளந்து பார்க்கக்கூடாதா? லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை அழைத்து, எர்த்தை மீட்டரால் கண்முன் அளந்து காட்டச் சொல்லுங்கள். 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே சப்ளையை நிறுத்தும் ஸ்விட்ச்) இல்லையென்றால் அதையும் போடச் சொல்லுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில சின்ன ஆம்புகள் தயாரிப்பிலேயே இரண்டு பின் அடாப்டரோடு வரும். அவற்றில் சுவர் கரண்ட் அடாப்டரோடு நின்றுவிடும்; ஆம்புக்குள் 9 வோல்ட், 12 வோல்ட் மாதிரிதான் போகும். அதனால் எர்த் பின் தேவையில்லை. ஆனால் கம்பெனி கொடுத்த அடாப்டராக இருக்க வேண்டும். தெருவோரத்தில் வாங்கிய அடாப்டருக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது. சுவர் கரண்ட் நேராக உள்ளே போகும் ஆம்ப், மூன்று பின்னோடு வந்தது என்றால், அதற்கு விதிவிலக்கே கிடையாது. உங்களுடையது அப்படிப்பட்டதுதான்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் இரைச்சலுக்கு, கிட்டாரில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்சில் இரண்டாவதையும் நான்காவதையும் முயன்று பாருங்கள். நடு பிக்கப் எதிர்த் திசையில் சுற்றியதாக இருந்தால் அங்கே இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். அதுவும் போதாவிட்டால் சிங்கிள் காயில் அளவிலேயே, பழைய துளையிலேயே உட்காரும் ஹம் இல்லாத பிக்கப்கள் கிடைக்கின்றன. பெரிய ஹம்பக்கருக்காக மரத்தைக் குடையச் சொன்னால், கிட்டாரைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.