மலைக் குளிரில் கோழிக்குஞ்சுகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏற்காட்டை அடுத்த நாகலூரில் வசிக்கிறோம். சமையலறைச் சுவருக்கும் காப்பிச் செடிகளுக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கிறது. சென்ற மார்கழியில் சேலத்திலிருந்து 15 நாட்டுக்கோழிக் குஞ்சுகள் வாங்கி வந்தோம். அட்டைப்பெட்டியில் வைத்து இரவு முழுவதும் பல்பு எரியவிட்டோம். ஆயினும் ஒரு வாரத்தில் 4 குஞ்சுகளே மிஞ்சின. இம்முறை 25 குஞ்சுகள் வாங்க எண்ணம். கூட்டையும் கதகதப்பையும் எப்படி அமைப்பது?
(ஒரு வாசகி, நாகலூர்)

பதில்: பதினொரு குஞ்சுகளைப் பறிகொடுத்த பிறகும் மீண்டும் வளர்க்க முன்வந்திருக்கிறீர்கள், இம்முறை ஒன்றுகூட வீணாகக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

பல்பு எரிந்தது என்கிறீர்கள். அது எவ்வகைப் பல்பு என்று எழுதவில்லை. இப்போது கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எல்.இ.டி. பல்பாக இருந்திருந்தால் குஞ்சுகளுக்கு வெளிச்சம் கிடைத்திருக்குமே தவிர, சூடு கிடைத்திருக்காது. கதகதப்புக்குப் பழைய குண்டு பல்புதான் வேண்டும். முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த குஞ்சின் உடலில் இருப்பது இறகு அல்ல, வெறும் பஞ்சு. தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் அதற்கு முதல் இரண்டு வாரங்களுக்கு இல்லை. முதல் வாரம் அதற்கு 35 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் தேவை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டை அடுத்த உங்கள் ஊரில் மார்கழி இரவில் வெப்பம் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும் என்பதால், உங்கள் பல்பு இருபது டிகிரிக்கு மேல் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. சேலத்தில் சொல்லப்படும் பல்புக் கணக்கு சேலத்துக்குச் சரி, மலைக்குப் போதாது. ஆகவே முதல் முறை பழகுகிறவர்கள் மார்கழியைத் தவிர்த்து, குளிர் தணியும் மாசிக் கடைசியில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

கூட்டைக் குஞ்சு வாங்கிய பிறகு கட்டலாம் என்று இருந்துவிடாதீர்கள். ஐந்தாறு வாரத்தில் அவை வளர்ந்து பெட்டியை விட்டுத் தாவத் தொடங்கும்போது அவசரமாகக் கட்டுகிற கூட்டில்தான் கீரியும் மரநாயும் நுழைகின்றன. இரவில் அடைய மட்டும் வளர்ந்த கோழி ஒன்றுக்கு ஒன்றரை முதல் 2 சதுர அடி போதும். 25 கோழிகளுக்கு எட்டடி நீளமும் ஐந்தடி அகலமும் வைத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் வைத்துக் கட்டினால் ஈரம் ஏறாது. கதவு கிழக்குப் பார்த்து இருக்கட்டும். பனி விலகியதும் முதல் வெயில் உள்ளே விழும். சாரல் அடிக்கும் பக்கம் எது என்பது உங்களுக்கே தெரியும்; அந்தப் பக்கத்தைப் பலகையால் முழுவதும் அடைத்துவிடுங்கள். ஆனால் கூரையை ஒட்டி ஒரு சாண் அளவு இடைவெளியை எல்லாப் பக்கமும் வலையடித்துத் திறந்தே விட வேண்டும். குளிருக்குப் பயந்து கூட்டைப் பெட்டி போல மூடுகிறவர்கள், எச்சத்தின் கார நெடியையும் மூச்சின் ஈரத்தையும் உள்ளேயே அடைத்துக் கோழிகளுக்குச் சளியை வரவழைக்கிறார்கள். வலை அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ்ஷாக இருக்கட்டும். மெல்லிய அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர, கீரியை வெளியே நிறுத்தாது.

குஞ்சுகளுக்கான இடம் வேறு. முதல் மாதம் அவை வீட்டுக்குள், காற்று நேரே வீசாத ஓர் அறையில் இருக்க வேண்டும். ஒன்றரை அடி உயரமுள்ள தகரத்தையோ கெட்டியான அட்டையையோ வளைத்து, நான்கடி விட்டமுள்ள வட்டமாக நிறுத்துங்கள். பெட்டியில் மூலைகள் இருக்கும். குளிர்ந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பவை நசுங்கி மூச்சுமுட்டிச் சாகும். உங்கள் குஞ்சுகளில் சில இப்படிப் போயிருக்கவும் கூடும். தரையில் இரண்டங்குலம் உமி அல்லது கடலைத் தோல் பரப்புங்கள். நைசான மரத்தூள் வேண்டாம். தீவனம் என்று நினைத்துக் கொத்தித் தின்றுவிடும். முதல் இரண்டு நாள் உமியின் மேல் சொரசொரப்பான தாளோ பழைய சாக்கோ விரிக்கலாம். வழவழப்பான தாளில் கால் வழுக்கி அகன்றுபோன குஞ்சு நிமிர்ந்து நிற்கப் பெரும்பாடு படும்.

பல்புக்கு, குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது சமவெளிக் கணக்கு. உங்களுக்கு 60 வாட் குண்டு பல்பு இரண்டு வேண்டும். ஒன்று நள்ளிரவில் பியூஸ் போனாலும் மற்றொன்று காக்கும். வட்டத்தின் நடுவில், உமியிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, குஞ்சு வருவதற்குக் குறைந்தது அரை நாள் முன்பே எரியவிட்டு உமியைச் சூடாக்குங்கள். ஒயரைப் பிடித்தே பல்பைத் தொங்கவிடாதீர்கள். மேலே விட்டத்தில் சங்கிலியோ கம்பியோ கட்டி அதில் ஹோல்டரைப் பிணையுங்கள். அறுந்தாலும் விழாதபடி இரண்டாவது கட்டு ஒன்றும் போடுங்கள். பல்பு உமியில் விழுந்தால் வீடே தீப்பற்றும். தண்ணீர்த் தட்டைப் பல்புக்கு நேர் கீழே வைக்காதீர்கள்; தெறிக்கும் ஒரு துளி சூடான கண்ணாடியை வெடிக்க வைத்துவிடும்.

சூடு சரியா என்பதைத் தெர்மாமீட்டரைக் குஞ்சின் முதுகு உயரத்தில் வைத்துப் பார்க்கலாம். அதைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும். பல்புக்கடியில் நெருக்கிக் குவிந்து கீச்சுக்கீச்சென்று ஓயாமல் கத்தினால் குளிர்; பல்பைத் தாழ்த்துங்கள். சுவரோரம் ஒதுங்கி, அலகைத் திறந்து, சிறகைத் தளர்த்தி மூச்சு வாங்கினால் சூடு அதிகம்; உயர்த்துங்கள். எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று பொருள். வட்டம் முழுக்கப் பரவி, சில தின்ன, சில கால் நீட்டித் தூங்க, மெல்லிய முணுமுணுப்பு மட்டும் கேட்டால் அங்கே எதையும் மாற்றாதீர்கள். இரவில் ஒரு முறை எழுந்து, ஒரு குஞ்சைக் கையிலெடுத்து அதன் பாதங்களை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பாதம் சில்லென்று இருந்தால் அந்தக் குஞ்சு குளிரில் இருக்கிறது. நான் இன்றும் தெர்மாமீட்டரை எடுப்பதற்கு முன் இதைத்தான் செய்கிறேன். வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்து வாருங்கள். இறகு முழுவதும் மூடிய பிறகு, உங்கள் ஊரில் ஐந்து அல்லது ஆறு வாரம் கழித்து, பல்பை நிறுத்தலாம்.

மலையில் காற்றும் மழையும் வந்தால் மரம் சாய்ந்து மின்சாரம் போகும். அப்போது கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. என் இளவயதில் எங்கள் வீட்டிலும் அப்படி ஓர் இரவு வைத்தோம். விடிந்து பார்த்தபோது குஞ்சுகள் காயம் ஏதுமின்றிப் படுத்தபடியே இறந்து கிடந்தன. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, எச்சரிக்கும் நெடியும் இல்லை. மூடிய அறையில் அது மனிதரையும் கொல்லும். மாறாக, வெந்நீர் நிரப்பிய இரண்டு மூன்று பாட்டில்களைத் துணியில் சுற்றி வட்டத்துக்குள் வைத்து, மேலே பாதியளவு சாக்கைப் போர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெந்நீரை மாற்றினால் இரவைக் கடத்திவிடலாம்.

கடைசியாக, பயணம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இருசக்கர வண்டியில், காற்று நேரே அடிக்கக் கொண்டு வந்த குஞ்சுகள் வீடு சேரும்போதே பாதி உயிரோடுதான் இருக்கும். பேருந்திலோ காரிலோ, காற்றுத் துளையிட்ட பெட்டியில், பகலில் கொண்டு வாருங்கள். வந்ததும் முதலில் தண்ணீர்: வெதுவெதுப்பான நீரில் சிறிது வெல்லம் கரைத்து, மூழ்காதபடி கூழாங்கற்கள் இட்ட தட்டில் வைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு முறை தொட்டுக் காட்டுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தீவனம். ஏழாம் நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

கேள்வி: சேலம் கொண்டலாம்பட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் குஞ்சு வளர்க்கிறேன். சித்திரை வெயிலிலும் பல்பு வேண்டுமா?
(ஒரு வாசகர், கொண்டலாம்பட்டி)

பதில்: பகலில் வேண்டாம். அந்தக் கூரையின் கீழ் நண்பகலில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டிவிடும் என்பதால், பகல் பல்பு குஞ்சுகளைத் தவிக்க வைக்கும். கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். முதல் வாரத்தில் இரவுக்கும் விடியற்காலைக்கும் ஒரு பல்பு போதும். உங்களுக்கு வேறொரு கவலை உண்டு: தண்ணீர் சிந்தி நனைந்த உமியும் வெக்கையும் சேர்ந்தால் மூன்றாம் வாரத்துக்கு மேல் இரத்தக் கழிச்சல் வரும். தினமும் ஒரு பிடி உமியை அள்ளிக் கையில் இறுக்கிப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் நல்லது. உருண்டையாகவே நின்றால் அந்த இடத்தை அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் அடைக்கோழியிடமே கடையில் வாங்கிய குஞ்சுகளை விடலாமா?
(ஒரு வாசகி, வாழப்பாடி)

பதில்: தாராளமாக. எந்தப் பல்பும் தாய்ச் சிறகுக்கு ஈடாகாது. கோழி இரண்டு வாரமாவது அடை படுத்திருக்க வேண்டும். குஞ்சுகள் ஒன்றிரண்டு நாள் வயதுக்குள் இருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டுக்கு மேல் விட்டால் சிறகுக்குள் அடங்காது. இரவில், விளக்கை அணைத்தபின், முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் குஞ்சுகளைச் செருகுங்கள். மறுநாள் விடியும்போது அருகிலேயே இருங்கள். கோழி கெக்கரித்து அழைத்தால் பஞ்சாரத்தால் மூடி, தாயும் குஞ்சுகளும் பழக இரண்டு நாள் விடுங்கள். தலையில் கொத்தத் தொடங்கினால் தயங்காமல் குஞ்சுகளை எடுத்துப் பல்பின் கீழ் விட்டுவிடுங்கள். அதற்காகவே முதல் பதிலில் சொன்ன பல்பு வட்டத்தை முன்கூட்டியே சூடாக வைத்திருங்கள்.